மீள்பார்வை: திண்ணைப் பள்ளியிலிருந்து லயத்து வாசல் வரை



தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் தோட்டத்து லயங்களில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். மாலையில் பிள்ளைகள் குளித்து, திருநீறு பூசி, விளக்கின் முன் உட்கார்ந்ததும் அந்தச் சத்தம் கிளம்பும். முதல் வீட்டில் வாய்பாடு. அடுத்த வீட்டில் திருக்குறள். கடைசி வீட்டில் மலாய்க் கட்டுரை. பலகைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய பழைய லயங்களில், ஒரு வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்தினால் நான்கு வீடுகளுக்குத் தெரிந்துவிடும். "என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?" என்று அடுத்த வீட்டுப் பெரியம்மா குரல் கொடுப்பார். சத்தம் வந்தால் படிக்கிறான். சத்தம் நின்றால் தூங்குகிறான். பெற்றோரிடம் இருந்த அளவுகோல் இதுதான்.

இந்த அளவுகோல் நமக்கு எங்கிருந்து வந்தது? பிள்ளைகள் தேர்வுக்காகப் பாடங்களை மறுபடியும் படிப்பதை இன்று மீள்பார்வை என்கிறோம். அதற்கு நம்மிடையே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நாம் கைவிட்டிருக்கக் கூடாத சில நல்ல பழக்கங்கள் உண்டு. முன்பே கைவிட்டிருக்க வேண்டிய ஒன்றிரண்டும் உண்டு. இன்றைய உரையில் அவற்றைப் பார்ப்போம்.

நம் முன்னோர் கப்பலேறி வந்த காலத்தில் தமிழகத்துக் கிராமங்களில் இருந்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். அங்கே அச்சிட்ட புத்தகம் அரிது. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகுவான். பிறகு ஓலையில் எழுத்தாணி. கையில் புத்தகம் இல்லாதபோது பாடம் முழுவதும் மனத்தில்தான் இருக்க வேண்டும். எண்சுவடியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பிள்ளைகள் பன்னிரண்டாம் வாய்பாட்டுக்கே சலித்துக்கொள்கிறார்கள். அன்றைய பிள்ளை முழு எண்களோடு பின்னங்களையும் மனப்பாடம் செய்தான். இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. நிலத்தையும் நெல்லையும் அளக்க இவை வேண்டியிருந்தன. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வழியில்லாத காலத்தில் மனப்பாடமே கருவி.

இந்த மனப்பாடத்தை ஆசிரியர் எப்படி உறுதி செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. டாக்டர் உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தம் இளமைப் பள்ளியைப் பற்றி எழுதும்போது ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். மாலையில் பள்ளி விடுமுன் உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று தனித்தனியே பெயர்கள் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் வந்ததும் அவற்றை மறவாமல் சொல்ல வேண்டும். ஞாபக சக்தியை வளர்க்க அவர் கண்ட வழி அது. இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, இடையில் ஓர் இரவு கழிகிறது. மற்றொன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு பெயர். ஆகவே பக்கத்துப் பையனைப் பார்த்துச் சொல்லித் தப்ப முடியாது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே. பின்னால் வேண்டும்.

திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். மூத்த மாணவன், இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அவர்களிடம் பாடம் கேட்பவன். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். அதைத் தம் விடுதியிலும் கொண்டுவந்தார். தம் ஆசிரியர்கள் அதை ஏற்காதபோது, மூத்த பையன்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்தார். ஊர் திரும்பிய பின் 1797-இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் ஊர்த் திண்ணையிலிருந்து ஒரு பழக்கம் கடல் கடந்து போய்ப் பெரும் பெயர் பெற்றது என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அதைவிட முக்கியமானது வேறு. சட்டாம்பிள்ளை பிறருக்குச் சொல்லிக் கொடுத்தான் அல்லவா, அந்தப் பாடம் அவனுக்கு மறந்ததே இல்லை.

இனி மலாயாவுக்கு வருவோம். 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கணக்கில் கொண்டு, 2016-இல் இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி பரவலாக வந்தது அதற்கு வெகு காலத்திற்குப் பிறகே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் வந்தது, பள்ளிகளும் வந்தன. எப்படிப்பட்ட பள்ளிகள்? பல இடங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், அவர் முன்னே நான்கைந்து வகுப்புகள். சில தோட்டங்களில் கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ ஆசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். காலையில் பெற்றோருக்கு உதவியாகப் பால்மரக் காட்டுக்குப் போய்வந்த பிள்ளைகள் பிற்பகலில் பள்ளிக்கு வந்து உட்கார்ந்தார்கள். 1957-இல், நாடு விடுதலை பெற்ற ஆண்டில், 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன என்பது கணக்கு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகள்.

ஓர் ஆசிரியர் நான்கு வகுப்புகளை எப்படிச் சமாளிப்பார்? ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற வகுப்புகளை உரக்கப் படிக்கச் சொல்வார். கூட்டமாக ஒரே குரலில் ஓதுவது அங்கே வழக்கமாகிவிட்டது. திண்ணையின் மனப்பாடம் வந்தது. ஆனால் திண்ணையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே பாடம் கேட்ட அந்த வழக்கம் முழுமையாக வரவில்லை. நேரம் இல்லை, ஆள் இல்லை. கூட்டக் குரலில் ஒரு வசதி உண்டு: தெரியாதவன் வாயை அசைத்தே தப்பிவிடலாம். முப்பது பேர் ஏழாம் வாய்பாடு சொல்லும்போது அதில் பத்துப் பேருக்குத் தெரியாது என்பது யாருக்குக் கேட்கும்? அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல நாம் இதைக் கூறவில்லை. குறைந்த சம்பளத்தில், தோட்டத்துக் கடிதங்களையும் எழுதிக் கொடுத்து, கோயில் திருவிழாவையும் முன்னின்று நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் அவர்கள். குறை ஏற்பாட்டில் இருந்தது.

தேர்வு என்ற ஒன்று பெரிதாக வந்தபோதுதான் இந்தக் குறை வெளியே தெரிந்தது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 1862 முதல் ஒரு விதி இருந்தது: இன்ஸ்பெக்டர் வந்து சோதிக்கும் நாளில் எத்தனை பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறுகிறார்களோ அதைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம். விளைவு என்ன? ஆசிரியர்கள் பாட நூலை அப்படியே நெட்டுருப் போட வைத்தார்கள். மேத்யூ ஆர்னால்டு என்ற புகழ்பெற்ற கவிஞர் அப்போது பள்ளி இன்ஸ்பெக்டராகவும் இருந்தார். உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் இந்த வழியில் தேற வைத்துவிட முடிகிறது என்று அவர் தம் அறிக்கையில் கண்டித்தார். நூறாண்டு கழித்து நம் லயங்களில் நடந்ததும் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

மலாயா, சிங்கப்பூர் நகரங்களின் ஆங்கிலப் பள்ளிகளில் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் 1891 முதல் நடந்தன. கேள்வித்தாள் இங்கிலாந்திலிருந்து வரும். விடைத்தாள் கப்பலேறிப் போகும். முடிவுக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு அது எட்டாத உயரம். அவன் உலகத்தில் ஏழாம் வகுப்பு வரை வந்தவனே பெரிய படிப்பாளி. விடுதலைக்குப் பிறகு நிலைமை மாறியது. ஆறாம் வகுப்பின் முடிவில் இடைநிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு வந்தது. அதில் தவறியவர்களுக்கு வழி பெரும்பாலும் அங்கேயே அடைபட்டது. 1964-ஓடு அந்தத் தேர்வை அரசாங்கம் நிறுத்தியது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் தேர்வில்லாமலே இடைநிலைப் பள்ளிக்குப் போகலாம், ஒன்பதாண்டுக் கல்வி பெறலாம் என்றாயிற்று. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் நடுவில் ஓராண்டு புகுமுக வகுப்பில் படித்தார்கள். வாசல் திறந்தது உண்மை. ஆனால் தேர்வு காணாமற்போகவில்லை. மூன்றாம் படிவத்துக்குத் தள்ளிப் போயிற்று. முதலில் எல்.சி.இ.; 1978 முதல் எஸ்.ஆர்.பி.

அந்தத் தேர்வில் நம் பிள்ளைகள் பட்ட சிரமத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஆறாண்டு தமிழில் படித்த பிள்ளை வேறு மொழியில் விடை எழுத வேண்டும். 1970-களில் ஆங்கில வழிப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் வழிக்கு மாறிவந்தன. ஆகவே நம் பிள்ளை ஒளிச்சேர்க்கை என்று படித்ததை போட்டோசிந்தேசிஸ் என்று நினைவுகூர்ந்து, அதை மலாய் வாக்கியத்தில் வைத்து எழுத வேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு மீள்பார்வை என்பது ஒரு வேலை. தோட்டத்துப் பிள்ளைக்கு அது இரண்டு வேலை. பொருளை நினைவில் கொண்டுவர வேண்டும். மொழியையும் கொண்டுவர வேண்டும். இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. உரக்கப் படி என்று மட்டும் சொன்னார்கள்.

நாங்களும் அப்படித்தான் படித்தோம். எஸ்.ஆர்.பி. ஆண்டில் எங்கள் தோட்டத்திலிருந்து டவுன் பள்ளிக்குப் போனவர்கள் ஐந்து பேர். மலாய்க் கட்டுரைக்காக ஒரு வழிகாட்டி நூலை ஐவரும் காசு சேர்த்து வாங்கினோம். அதில் கடற்கரையில் உல்லாசப் பயணம் என்று ஒரு கட்டுரை. இரண்டு மாதம் அதை லயமே அதிரப் படித்தோம். அலைகள் கரையை முத்தமிட்டதும், தென்னை ஓலைகள் கையசைத்ததும் எங்களுக்கு உறக்கத்தில்கூட வரும். எங்களில் மூவர் கடலைக் கண்டதே இல்லை என்பது வேறு விஷயம். தேர்வில் வந்ததோ, உங்கள் இடத்தில் நடந்த கூட்டுத் துப்புரவுப் பணியைப் பற்றி எழுதுக என்ற கேள்வி. கோத்தோங் ரோயோங் எங்கள் தோட்டத்தில் மாதம் ஒரு தடவை நடந்ததுதான். சாக்கடை வெட்டியிருக்கிறோம், லாலான் புல் அரிந்திருக்கிறோம். ஆனால் அதைச் சொல்ல எங்களிடம் சொந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஐவரில் ஒருவர் துணிந்து, துப்புரவுப் பணி முடிந்ததும் எல்லாரும் கடற்கரைக்குப் போனதாக ஒரு வரி எழுதி, அதற்குமேல் மனப்பாடக் கட்டுரையை முழுக்க இறக்கிவிட்டு வந்தார். இன்று சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்று முடிவு வந்தபோது சிரிக்கவில்லை. அவர் மறு ஆண்டே பால்வாளி தூக்கினார்.

உரக்கப் படித்தது ஏன் உதவவில்லை? இதற்கு விடை அப்போதே உலகத்தில் இருந்தது. எங்களை வந்து சேரவில்லை. 1885-இல் ஜெர்மனியில் எபிங்கவுஸ் என்ற அறிஞர் நினைவாற்றலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்துக்கொண்டவர் அவர். படித்த ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதன் பிறகு மறதியின் வேகம் குறைந்தது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தது. அவர் கண்ட இன்னொன்று பெற்றோர் அறிய வேண்டியது. ஒரே நாளில் 68 தடவை ஓதியதால் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்து ஓதியபோது 38 தடவையிலேயே கிடைத்துவிட்டது. திண்ணை உபாத்தியாயர் இடையில் ஓர் இரவு விட்டுக் கேட்டாரே, அதன் சூட்சுமம் இதில் இருக்கிறது.

மற்றொரு சூட்சுமமும் வெளிவந்தது. 1939-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்பிட்சர் என்பவர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்த கட்டுரைகள் வேர்க்கடலையையும் மூங்கிலையும் பற்றியவை. வாசித்த உடனே ஒரு சிறு சோதனை எழுதிய பிள்ளைகள், பல வாரம் கழித்தும் மற்றவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். சோதனை எழுதாமல் விடப்பட்டவர்கள் பெரும்பகுதியை மறந்துவிட்டார்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் இதை இன்னும் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவையும் படித்தது. மற்றொரு குழு ஒரு தடவை படித்து, மூன்று தடவை புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு தடவை படித்தவர்களே வென்றார்கள்: நூற்றுக்கு 83, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை மாறியது. படித்தவர்கள் 40-க்கு இறங்கினார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61-இல் நின்றார்கள்.

நேயர்களே, இந்த எண்களைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வெல்கிறவன் ஒரு வாரத்தில் தோற்கிறான். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு அன்றிரவு எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். அவன் பொய் சொல்லவில்லை, அன்றிரவுக்குத் தெரிகிறதுதான். லயத்தில் கேட்ட சத்தமும் அன்றிரவுக்கான சத்தமே. தேர்வு நாளுக்கு வேண்டியது வேறு.

இதை நம் சமூகம் ஏட்டிலிருந்து கற்றதைவிட அனுபவத்தில் கற்றதே அதிகம். 1982-இல் டாக்டர் தம்பிராஜாவின் முயற்சியில் ஸ்ரீ முருகன் நிலையம் தொடங்கியபோது, பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் தொண்டர்களாக முன்வந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார்கள். சிறிய ஏற்பாடாகத் தொடங்கியது நாடெங்கும் நிலையங்களாகப் பரவியது. ஆண்டுதோறும் பத்துமலையில் நடத்தப்பட்ட கல்வி யாத்திரையைப் பலரும் அறிவோம். சிங்கப்பூரில் 1991-இல் சிண்டா அமைந்தபோதும் துணைப்பாட வகுப்புகளே அதன் முக்கியப் பணிகளுள் ஒன்றாயின. இந்த வகுப்புகளின் பலன் கூடுதல் பாடத்தில் மட்டும் இருந்ததாக நாம் நினைக்கவில்லை. வாரம் ஒரு நாள் குறித்த நேரத்தில் உட்கார வேண்டும். கேட்டால் எழுந்து விடை சொல்ல வேண்டும். பழைய வினாத்தாளை மணி பார்த்து எழுத வேண்டும். வீட்டில் இல்லாத இந்த ஒழுங்கை அந்த வகுப்பு கொடுத்தது. எல்லாத் தோட்டங்களுக்கும் அது போய்ச் சேரவில்லை. பேருந்து இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு டவுன் வகுப்பு இருந்தும் இல்லாததுபோலத்தான்.

1988-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. தமிழ்ப் பள்ளிகளில் 'ஏழு ஏ' என்பது பெருமைச் சொல்லாயிற்று. மாதிரி வினாத்தாள்கள் மலையாகக் குவிந்தன. சில பள்ளிகளில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போயிற்று. அதை நாம் பாராட்டுவதற்கில்லை. 2021-இல் அந்தத் தேர்வும், 2022-இல் மூன்றாம் படிவத் தேர்வும் நீக்கப்பட்டன. பிள்ளைகளின் பாரம் குறைந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அவை நீக்கப்பட்ட பின் வளர்ந்த பிள்ளைகள் பலர் முதன்முதலாகச் சந்தித்த பெரிய அரசாங்கத் தேர்வு, பதினேழு வயதில் வந்த எஸ்.பி.எம். அந்தத் தேர்வில் மலாய் மொழியில் தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை. 2013 முதல் வரலாற்றிலும் தேறியாக வேண்டும். முன்பு பன்னிரண்டு வயதிலும் பதினைந்து வயதிலும் விழுந்து எழுந்து கற்ற மீள்பார்வைப் பழக்கத்தை, இந்தப் பிள்ளைகளுக்கு வீடுதான் கற்றுத்தர வேண்டியதாயிற்று.

வீடு என்றால் யார்? விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் பொறுக்கிக்கொண்டு வரும் அம்மாவும் அப்பாவும். அல்லது செம்பனைக் குலை வெட்டித் தோள் வலியோடு வருகிறவர்கள். "நமக்கே மலாய் எழுதத் தெரியாது, நாம் என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். பிள்ளை படித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "இப்போ சொல்லு ஐயா, என்ன படிச்சே? தமிழிலேயே எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பரமேஸ்வரா மலாக்காவுக்கு ஏன் வந்தார், சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது என்று அவன் உங்களுக்கு விளங்கும்படி தமிழில் சொல்ல வேண்டும். நிற்கிறானா, "அது வந்து" என்று இழுக்கிறானா, நீங்கள் "ஏன்?" என்று கேட்டால் விழிக்கிறானா? அதைக் கண்டுகொள்ள எழுத்தறிவு வேண்டியதில்லை. பால் வெட்டும் கை பட்டையின் ஆழத்தை அறிவதுபோல் பெற்ற காது அறிந்துவிடும். தமிழில் சொல்லி முடித்த பிறகு, அதையே ஐந்து வரி மலாயில் புத்தகம் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் புத்தகத்தோடு அவனே ஒப்பிட்டு, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் சேர்க்கட்டும். பொருள் முதலில், மொழி அடுத்தது. முன்பு சொன்ன இரண்டு வேலையும் இவ்வாறு தனித்தனியே நடந்துவிடும். கலைச்சொற்களுக்கு ஒரு சிறு நோட்டு: இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய். ஒரு பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு மறுபக்கத்தைச் சொல்லிப் பார்க்கலாம். பள்ளிப் பேருந்தில் போகும் நேரம் இதற்குப் போதும்.

நாள் பிரிப்பதற்குப் பெரிய அட்டவணை எதுவும் வேண்டாம். கோயில் படம் போட்ட மாத நாள்காட்டி ஒன்று எந்த வீட்டிலும் தொங்கும். தேர்வு நாளை அதில் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கடைசி இரண்டு வாரம் பழைய வினாத்தாளுக்கு. அதற்கு முந்திய வாரங்களில் பாடங்கள். ஒரு பாடத்தை இன்று படித்தால் அதன் பெயரை நாளைக்கும், நான்கு நாள் கழித்தும், அடுத்த வாரத்திலும், அடுத்த மாதத்திலும் எழுதிவிட வேண்டும். அந்தந்த நாளில் அதைத் திரும்பப் படிப்பதில்லை. முதலில் புத்தகம் மூடியபடியே சொல்லிப் பார்த்து, வராததற்கு மட்டும் புத்தகத்தைத் திறக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். ஒரே பாடத்தை இரவு முழுவதும் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, கணக்கு முக்கால் மணி, வரலாறு முக்கால் மணி என்று மாற்றிக்கொள்வது நல்லது. விடிய விடியக் கண் விழிப்பது வீரமன்று. பெற்றோர் எழும் நேரத்திலேயே சில பிள்ளைகளும் எழுந்துவிடுகிறார்கள்; அவர்கள் பெரட்டுக்குப் போனபின் லயம் அமைதியாக இருக்கும் அந்த ஒரு மணி நேரம் வினாத்தாள் எழுத உகந்தது. இரவு அதற்கேற்ற நேரத்தில் படுத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

தீபாவளியையும் நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பரில் எஸ்.பி.எம். நடந்த ஆண்டுகளில், பலகாரம் சுட்டு, வீட்டுக்குச் சாயம் அடித்து, விருந்தாளி வந்து போன கையோடு பிள்ளை தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்தது. அந்த ஒரு வாரத்தை முதலிலேயே கணக்கிலிருந்து கழித்துவிட்டால் ஏமாற்றம் இல்லை. மழைக் காலம் வேறு விதம். மழை நாளில் பால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அந்தக் கவலை வீட்டைச் சூழ்ந்திருக்கும். ஆனாலும் அன்று அப்பா வீட்டில் இருக்கிறார். பிள்ளையிடம் பாடம் கேட்க அவருக்கும் ஒரு பொழுது கிடைக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. தேர்வு எழுதும் தம்பிக்குத் தேநீர் போய்ச் சேரும். தேர்வு எழுதும் அக்காவின் கையில் கைக்குழந்தை போய்ச் சேரும். பாத்திரம், துணி, சின்னவர்கள் எல்லாம் முடிந்து அவள் புத்தகத்தை எடுக்கும்போது வீடு தூங்கிவிடும். நம் தோட்டங்களில் நன்றாகப் படித்த பல பெண்கள் மூன்றாம் படிவத்தோடு நின்றதற்கு, படிப்பு வராதது காரணமன்று. படிக்க ஒரு மணி நேரம் யாரும் கொடுக்காததே காரணம். தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவளுக்குக் கொடுப்பதில் தவறில்லை. சட்டாம்பிள்ளைக்குப் பாடம் மறக்காது என்று கண்டோமே, அந்த லாபம் அவளுக்கும் கிடைக்கும். ஆனால் அது அவளுடைய சொந்த நேரத்துக்கு மேல் இருக்க வேண்டுமே ஒழிய, அந்த நேரத்துக்குப் பதிலாக இருக்கக் கூடாது. நாள்காட்டியில் அவள் பெயரிலும் ஒரு மணி நேரத்தை எழுதி வையுங்கள். அந்த ஒரு மணிக்குக் குழந்தையை அப்பா தூக்கிக்கொள்ளட்டும்.

எங்களோடு தேர்வு எழுதிப் பால்வாளி தூக்கினார் என்று சொன்னோமே, அந்த நண்பர் பின்னாளில் தம் மகளுக்குப் பாடம் கேட்டார். இரவு உணவுக்குப் பின் வாசற்படியில் உட்கார்ந்து, மகளின் வரலாற்று நூலை மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். "நான் பார்க்கல, நீயும் பார்க்காதே, சொல்லும்மா" என்பார். அவர் வீட்டிலிருந்து பெரிய சத்தம் வந்ததில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் அந்தப் பெண் படிப்பதே இல்லை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.